பிங்கர்ட்டன்: அந்த இரைச்சல் எதற்கு?

வணக்கம் சார்,

வீசர் என்ற அமெரிக்க ராக் குழுவின் முதல் ஆல்பம், அதாவது நீல அட்டை போட்டது, எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதே ஆசையில் அவர்களின் இரண்டாவது ஆல்பமான ‘பிங்கர்ட்டன்’ கேட்டேன். ஒரே இரைச்சல், ஒரே புலம்பல். வெளிவந்தபோது ரசிகர்களே ஒதுக்கிய ஆல்பமாம். இப்போது தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். முதல் ஆல்பம் மாதிரியே இன்னொன்று போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

1996 செப்டம்பரில் அதை வாங்கிய பலருக்கும் உங்களுடைய ஏமாற்றம்தான். அந்த ஆண்டின் மோசமான ஆல்பங்களில் ரோலிங் ஸ்டோன் இசைப் பத்திரிகையின் வாசகர்கள் அதற்கு மூன்றாம் இடம் கொடுத்தார்கள்.

ஆனால் அந்த இரைச்சல் தெரிந்தே செய்தது. 1994இல் வந்த முதல் ஆல்பத்தை ரிக் ஒகேசெக் தயாரித்தார்; எல்லாம் துடைத்து வைத்தது போல இருக்கும். இரண்டாவதைக் குழுவே தயாரித்தது. குழுவில் பாடுகிற மூன்று பேரும் தனித்தனியாகப் பாடிப் பதிந்து ஒட்டாமல், மைக்குகளைச் சுற்றி நின்று சேர்ந்தே பாடினார்கள். அதிலுள்ள ‘எல் ஸ்கார்ச்சோ’ பாட்டை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். பின்குரல்கள் பிசிறடிக்கும், நடுவில் தாளம் திடீரென்று ஓட்டமெடுக்கும். அந்தப் பிசிறில்தான் பாட்டுக்கு உயிர் இருக்கிறது.

புலம்பல் என்றீர்கள், அதுவும் சரிதான். முதல் ஆல்பம் ஜெயித்த பிறகு, பாடல்களை எழுதிப் பாடும் ரிவர்ஸ் குவோமோ ஹார்வர்டில் மாணவராகச் சேர்ந்தார். பிறவியிலேயே அவருக்கு ஒரு கால் குட்டை. அதை நீட்ட அறுவை சிகிச்சை செய்துகொண்டு, காலில் இரும்புச் சட்டத்தோடு அங்கே நடமாடினார். பாடல்களில் பல அந்தத் தனிமையில் எழுதியவை. ‘அக்ராஸ் த சீ’ ஒரு ஜப்பானிய ரசிகையின் கடிதத்திலிருந்து பிறந்தது. முகம் தெரியாத பெண்ணின் கடித உறையை ஒருவன் முகர்ந்து பார்க்கிறான். கேட்கவே கூச்சமாக இருக்கும். இந்தப் பாடல்களில் வரும் ஆணோ, பெண்களைத் தன் துயரத்துக்கு மருந்தாகப் பார்க்கிறவன். ரசிகர்கள் பலர் இதை மழுப்பிவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஆனால் அவன் தன்னை ஒளிக்கவில்லை, அந்தத் துணிச்சலுக்காகத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

நீங்கள் கேட்ட அந்த ‘இன்னொன்று’ அப்புறம் வரத்தான் செய்தது. 2001இல், மறுபடி ஒகேசெக், இந்த முறை பச்சை அட்டை, அரை மணி நேரத்துக்கும் குறைவு. நன்றாகவே விற்றது. மெட்டுகள் கச்சிதம், ஆனால் பாடுகிறவர் யார் என்று எவ்வளவு கேட்டாலும் பிடிபடாது. அந்தக் காலத்தில் குவோமோவே பிங்கர்ட்டனைப் பழித்துப் பேசினார். ஊர் சொன்னதை அவரே நம்பிவிட்டார். அந்த ஆல்பம் விற்காமல் போனதைவிட எனக்கு வலிப்பது இதுதான். பிங்கர்ட்டனின் குரல் அதே திறப்போடு பிறகு அவரிடம் திரும்பவே இல்லை.

2004இல் அதே ரோலிங் ஸ்டோன் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. முதலில் கேட்டவர்கள் நீல ஆல்பத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், பிறகு வந்தவர்களுக்கு அந்தப் பாரம் இல்லை. நீங்களும் நீலத்தைக் கேட்ட கையோடு இதற்குப் போகாதீர்கள். கடைசிப் பாட்டான ‘பட்டர்ஃப்ளை’யில் ஆரம்பியுங்கள். அக்கூஸ்டிக் கிட்டாரும் குரலும்தான் அதில் முன்னால் நிற்கும். அது தொட்டால் முதல் பாட்டுக்குப் போங்கள். தொடவில்லையென்றால் விட்டுவிடலாம், தப்பில்லை.