நல்ல சேதி கேட்டதும் வரும் கண்ணீர்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் என் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருந்த நாட்களில் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. ‘இனிப் பயமில்லை, வார்டுக்கு மாற்றிவிடலாம்’ என்று மருத்துவர் சொன்னதும் வாய்விட்டு அழுதுவிட்டேன். ‘நல்ல சேதி சொல்லும்போது அழலாமா அண்ணி’ என்று கொழுந்தனார் கடிந்துகொண்டார். மகிழ்ச்சியில் ஏன் அழுகை வருகிறது?

ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த நல்ல சேதிக்காக மட்டும் நீங்கள் அழவில்லை; அதற்கு முன் அழாமல் அடக்கிவைத்த நாட்களுக்கும் சேர்த்தே அழுதீர்கள் என்று நினைக்கிறேன். மருந்துச் சீட்டோடு அலையவும், ரத்தம் கொடுக்க ஆள் தேடவும், கையெழுத்துக் கேட்ட இடத்தில் கை நடுங்காமல் போடவும் ஒருவர் தேவைப்பட்ட நேரத்தில் நீங்கள் உடைந்துபோக முடியாது. திரைப்படத்தின் சுபமான முடிவில் மக்கள் அழுவது ஏன் என்று 1952இல் எழுதிய ஜோசப் வைஸ் என்னும் அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் இதைத்தான் சொன்னார்: ஆபத்து தீராதவரை மனம் துக்கத்தை அடக்கிவைத்திருக்கிறது, இனி அழுதாலும் ஒன்றும் கெட்டுவிடாது என்று உறுதியான பிறகே அதை வெளியே விடுகிறது.

உடலும் இதற்கு ஒத்துப்போகிறது. ஆபத்தில் நம்மை முறுக்கி நிறுத்தும் நரம்புகள் வேறு, ஆபத்து கடந்ததும் தளர்த்தி இளைப்பாற விடும் நரம்புகள் வேறு. கண்ணீர்ச் சுரப்பியை முக்கியமாக இயக்குபவை இரண்டாம் வகை நரம்புகளே.

இன்னொன்றும் உண்டு. நெடுங்காலம் பிரிந்திருந்த தந்தையும் மகனும் சந்திக்கும்போது அழுவதைப் பற்றி 1872இல் எழுதிய டார்வின், சந்திக்காமலே போயிருந்தால் என்னும் துக்கம் அக்கணத்தில் அவர்கள் மனத்தில் மங்கலாக ஓடியிருக்கும் என்று கருதினார். உங்கள் கணவர் பிழைத்தார் என்று கேட்ட அதே நொடியில், பிழைக்காமல் போயிருந்தால் என்ற எண்ணத்தையும் முதன்முறையாக முழுதாகப் பார்க்கும் துணிவு உங்களுக்கு வந்திருக்கும். குழந்தையின் சிரிப்பைக் கண்டு கண் கலங்குவதை இந்த விளக்கத்துக்குள் முழுக்க அடக்க முடியாது என்றாலும், உங்கள் அழுகைக்கு இது பொருந்துகிறது.

கொழுந்தனார் சொன்னதை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அண்ணனுக்காக அவர் அழவேண்டிய அழுகை இன்னும் பாக்கி இருக்கக்கூடும். இதய அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் சில வாரங்கள் சிறு விஷயத்துக்கும் கண் கலங்குவது வழக்கம் என்பதால், உங்கள் கணவர் அழுதால் தடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். சோர்வும் தூக்கமின்மையும் சேர்ந்து நீடித்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.