4 ஜிபி லேப்டாப்புக்கு எந்த டெஸ்க்டாப்?

கேள்வி: தம்பி பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறான். 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் போடலாம் என்றிருக்கிறேன். சின்னமன், மாத்தே, எக்ஸ்எஃப்சிஇ என அதற்கு மூன்று டெஸ்க்டாப் (திரையில் தெரியும் முகப்பு) இருக்கிறதே, எதை எடுப்பது?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: எக்ஸ்எஃப்சிஇ. தயங்கவே வேண்டாம். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சிஸ்டம்தான்; பேனல், மெனு, ஃபைல் மேனேஜர்தான் மாறும். சின்னமன் பார்க்க அழகு, ஆனால் ராமையும் கிராஃபிக்ஸையும் கூடுதலாகக் கேட்கும். பிரவுசரில் ஏழெட்டு டேப் திறந்ததும் ராம் நிரம்பி, மிச்சம் ஸ்வாப்புக்கு, அதாவது ராமுக்குப் பதிலாக ஹார்ட் டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்துக்குப் போகும். ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் நின்று நின்று நகரும்.

முதலில் 8 ஜிபி பென்டிரைவில் சோதித்துப் பாருங்கள். டவுன்லோட் செய்யும் மின்ட்டின் ஐஎஸ்ஓ ஃபைலை வெறுமனே காப்பி செய்தால் பூட் ஆகாது. எட்சர் அல்லது ரூஃபஸ் என்ற சாஃப்ட்வேர் மூலம் எழுத வேண்டும். பென்டிரைவில் உள்ள பழைய ஃபைல்கள் அழிந்துவிடும், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டால் செய்யாமலே வைஃபை, சவுண்ட், வெளிச்சம் கூட்டும் பட்டன் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடலாம். வேகத்தை மட்டும் இதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பென்டிரைவில் எதுவும் மெதுவாகத்தான் ஓடும்.

பிறகு ஆசைப்பட்டு எக்ஸ்எஃப்சிஇ மேலேயே சின்னமனையும் ஏற்றாதீர்கள். மெனுவில் இரண்டு ஃபைல் மேனேஜர், இரண்டு செட்டிங்ஸ் வந்து தம்பி குழம்பிவிடுவான். கையில் காசிருந்தால் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாற்றுங்கள். எந்த டெஸ்க்டாப்பும் தராத வேகம் அதில் கிடைக்கும்.