பதில்: பல்க்கில் 200 வருகிறது, ஆனால் ஆவணங்கள் குறைகின்றன

வணக்கம். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் சர்வருக்குப் பல்க் முறையில் (பல ஆவணங்களை ஒரே கோரிக்கையில்) 2 லட்சம் ஆவணம் அனுப்பி, 200 என்று பதில் வந்தும் 1,87,000 மட்டும் ஏறியது, நடுவில் சில 429 பிழை என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில், அந்த 200 என்ற எச்டிடிபி வெற்றிக் குறியீட்டை நம்பாதீர்கள். கோரிக்கை வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. சர்வர் ஜேசான் வடிவில் அனுப்பும் பதிலில் "எரர்ஸ்" ட்ரூ (பிழை உண்டு) என்றிருந்தால், "ஐட்டம்ஸ்" பட்டியலில் ஒவ்வொரு ஆவணத்தின் ஸ்டேட்டஸ் எண்ணையும் பாருங்கள். 400 என்றால் பெரும்பாலும் மேப்பிங் (எந்தப் புலத்தில் என்ன வகைத் தரவு என்ற வரையறை) தகராறு: முதல் ஆவணத்தில் விலை 450 என்று வந்ததால் அந்தப் புலம் லாங் (முழு எண்) வகை ஆகிவிட்டது, பிறகு "இல்லை" என்று எழுத்தாக வந்தால் ஏற்காது. இதை எத்தனை முறை திருப்பி அனுப்பினாலும் பயனில்லை. மேப்பிங்கை முன்கூட்டியே நீங்களே எழுதுங்கள், அல்லது தரவைத் திருத்துங்கள்.

429 வேறு கதை. சர்வரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். தோற்றவற்றை மட்டும் 1, 2, 4 நொடி என்று இடைவெளியைக் கூட்டி மறுபடி அனுப்புங்கள். ஒரு தொகுதி 5 முதல் 15 எம்பி போதும். ஒரே நேரத்தில் இணையாக அனுப்பும் த்ரெட்களையும் குறையுங்கள். (100 எம்பி தாண்டினால் இயல்பான அமைப்பில் 413, அதாவது கோரிக்கை மிகப் பெரியது என்ற பிழை வரும்.)

பிழையே இல்லாமல் எண்ணிக்கை குறைந்தால் ஐடி இரட்டிப்பை, அதாவது இரண்டு ஆவணங்களுக்கு ஒரே அடையாள எண் இருப்பதைச் சந்தேகியுங்கள். ஐட்டம்ஸில் 201-க்கு (புதிதாக உருவானது) பதில் 200, "அப்டேட்டட்" என்றிருந்தால் பழைய ஆவணத்தின் மேல் புதியது எழுதப்பட்டிருக்கிறது.

கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி வைத்துக் கோப்பை அனுப்பினால் டேட்டா-பைனரி (--data-binary) ஆப்ஷனையே பயன்படுத்துங்கள். வெறும் டி (-d) ஆப்ஷன் கோப்பின் வரிமுறிவுகளைத் தின்றுவிடும். கடைசி வரிக்குப் பின்னும் வரிமுறிவு கட்டாயம்.