பிள்ளைங்களைப் பார்த்தா ஒண்ணுமே தோணல, மெஷின் மாதிரி எல்லாம் செய்றேன். முன்னாடி நான் இப்படி இல்ல, இப்போ கோவம் கூட வரதில்ல. இது பேரண்டல் பர்ன்அவுட்டா (பிள்ளை வளர்க்கறதுலயே களைச்சு மனசு வத்திப் போறது)? தெரபி போனா சரியாகுமா? எந்த வகை தெரபி, பசங்களையும் கூட்டிட்டுப் போகணுமா?

உங்க கேள்வியில "இப்போ கோவம் கூட வரதில்ல"னு ஒரு வரி இருக்கு பாருங்க, அதுக்காகத்தான் எழுதுறேன். மத்த பதில்கள்ல எல்லாரும் நல்லா தூங்குங்க, தியானம் பண்ணுங்க, பசங்க சீக்கிரம் வளர்ந்துடுவாங்கனு சொல்லிட்டுப் போயிட்டாங்க. கோவம் வர்றவங்களுக்கு அதெல்லாம் சரி. கோவமும் போயிட்டவங்களுக்கு வேற பேச்சு பேசணும்.

ரெண்டு சின்னப் பசங்க, நீங்க வேலைக்கும் போறீங்க, வீட்டுக்காரர் நல்லவர்தான் ஆனா சொன்னாத்தான் செய்வாருன்னு வச்சுக்கறேன் (நீங்க சொல்லல, நானா ஊகிக்கறேன்). நான் டாக்டர் இல்ல, சைக்காலஜி படிச்சவளும் இல்ல, இதை அனுபவிச்சவ. அப்புறம் "பெத்துக்கத் தெரியுது, வளர்க்கத் தெரியலையா"ன்னு கமெண்ட் போட வர்றவங்களுக்கு முன்கூட்டியே சொல்லிடறேன், என் பசங்க நேரத்துக்கு சாப்பிட்டு, குளிச்சு, ஹோம்வொர்க் முடிச்சு சுத்தமாத்தான் இருந்தாங்க. அதனாலதான் யாருக்கும் ஒண்ணும் தெரியல, எனக்கே தெரியல.

எனக்குத் தெரிஞ்சது ஒரு வைரல் ஜுரத்துல. பசங்களுக்கு ஒட்டிக்கும்னு என்னைத் தனி ரூம்ல படுக்கச் சொல்லிட்டாங்க. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி, தலையைத் தூக்க முடியல, ஆனா உள்ளுக்குள்ள அப்படி ஒரு நிம்மதி. கதவுக்கு வெளிய சின்னவன் அம்மா அம்மானு அழறான், அவங்கப்பா தூக்கிட்டுப் போறாரு, எனக்கு எழுந்து போகணும்னே தோணல. தெர்மாமீட்டர் 102 காட்டினா சந்தோஷமா இருக்கு, அப்பாடா இன்னைக்கும் இங்கயே இருக்கலாம்னு. அப்புறம் ஒரு நாள் காலையில நார்மல்னு காட்டுச்சு. உக்காந்து அழுதேன். வீட்டுக்காரர் பாவம், ஜுரம் விட்ட சந்தோஷத்துல அழறானு நினைச்சுக்கிட்டாரு.

அதுக்கு முன்னாடி இருந்தே இருந்திருக்கு, நான் சும்மா டயர்டுன்னு நினைச்சுட்டு இருந்தேன். பெரியவ விழுந்த பல்லைக் கையில வச்சுக்கிட்டு ஓடி வந்து காட்டுறா, நான் "சரி, வாயைக் கொப்பளி"னு சொல்லிட்டு டிபன் பாக்ஸ் கழுவிட்டு இருக்கேன். அன்னைக்கே ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பொண்ணு ஒருத்தி ஏதோ தப்பு பண்ணிட்டு முழிச்சுட்டு நின்னா, அவளைப் பக்கத்துல உக்கார வச்சுப் பொறுமையா சொல்லிக் கொடுத்து சிரிச்சுப் பேசிட்டு வந்தேன். அங்க நான் நல்லாத்தான் இருந்தேன். பின்னாடி தெரபிஸ்ட் முதல்ல பிடிச்சது இந்த வித்தியாசத்தைத்தான். டிப்ரஷன்னா பொதுவா போற இடமெல்லாம் கூடவே வரும், பேரண்டல் பர்ன்அவுட் அம்மா அப்பாங்கிற இடத்துல மட்டும்தான் முதல்ல பிடிக்குதுன்னாங்க. ஆனா ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம், ஒண்ணு இன்னொண்ணுல கொண்டு போயும் விடலாம், அதனால என் பதிலைப் படிச்சிட்டு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க. என்னைத் தைராய்டும் ஹீமோகுளோபினும் பாத்துட்டு வரச் சொன்னாங்க.

"இதெல்லாம் இப்போ கிளம்பின ஃபேஷன்"னு சொல்றவங்களுக்காக: பெல்ஜியத்துல இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிகோலாய்சாக்னு ரெண்டு பேராசிரியைகள் இதையே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்றாங்க. 2018ல 23 கேள்வி இருக்கற ஒரு அளவுகோல் வெளியிட்டாங்க. அது நாலு விஷயம் பாக்குது. பிள்ளை வளர்க்கறதுலயே வர்ற களைப்பு, "நான் முன்னாடி இப்படி இல்லையே"ங்கிற நினைப்பு, போதும்டா சாமிங்கிற சலிப்பு, பசங்ககிட்ட இருந்து மனசு விலகிப் போறது. நீங்க எழுதினதுல ரெண்டாவதும் நாலாவதும் அப்படியே இருக்கு. இன்னொரு வேடிக்கை, உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலான ஐசிடி-11ல பர்ன்அவுட்ங்கிறது வேலை பாக்கற இடத்துக்கு மட்டும்தான், வாழ்க்கையில மத்ததுக்கு அந்தப் பேரை வைக்கக்கூடாதாம். நடுராத்திரி எழுந்து ஈரமான பெட்ஷீட் மாத்தறது வேலையில சேராது போல.

தெரபிக்கு வர்றேன். முதல்ல போன இடம் எனக்குச் சரிப்படல. "உங்களுக்குன்னு கொஞ்சம் நேரம் ஒதுக்குங்க"ன்னு சொன்னாங்க, அந்த நேரத்தை எங்க இருந்து எடுக்கறதுன்னு கேட்டா பதில் இல்ல. அதனால ஒருத்தர்கிட்ட சரிவரலன்னா தெரபியே வேஸ்ட்னு விட்டுடாதீங்க, ஆளை மாத்துங்க. ரெண்டாவது பாத்தவங்க தூக்கத்தைப் பத்திக் கேட்டாங்க, அப்புறம் நேரடியா, "எல்லாத்தையும் விட்டுட்டு எங்கயாவது போயிடலாம்னு தோணுதா, செத்துடலாம்னு தோணுதா, பசங்களை அடிச்சிடுவேனோன்னு பயமா இருக்கா"ன்னு கேட்டாங்க. யாராவது இப்படிக் கேக்க மாட்டாங்களான்னு இருந்திருக்கேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. முதல் கேள்விக்கு ஆமான்னேன். இந்த நிலைமையில அந்த மாதிரி நினைப்பு வர்றது ஆராய்ச்சியிலயே பதிவான விஷயம், நீங்க பிசாசு இல்லன்னாங்க. உங்களுக்கு ரெண்டாவது மூணாவது கேள்விக்கு ஆமான்னு பதில் வந்தா அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீங்க, இன்னைக்கே நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அதுக்கப்புறம் நடந்தது ஒண்ணும் பெரிய மனசாராய்ச்சி இல்ல. ஒரு தராசு வரைஞ்சு ஒரு தட்டுல எது எல்லாம் அழுத்துது, இன்னொரு தட்டுல எது எல்லாம் தாங்குதுன்னு எழுதச் சொன்னாங்க. அழுத்தற தட்டுல பசங்க பேரே வரல. நான் எழுதினது எல்லாம் யாருக்கு எப்போ ஊசி, எந்த ஷூ சின்னதாயிடுச்சு, நாளைக்கு என்ன டிரெஸ், யார் பிறந்தநாளுக்கு என்ன கிஃப்ட், இந்த மாதிரி. அதோட, எல்லாமே நல்ல அம்மா செய்ற மாதிரி செய்யணும்ங்கிற என்னோட பிடிவாதம். ஒரு செஷனுக்கு வீட்டுக்காரரையும் வரச் சொன்னாங்க. அவர் "நான் ஹெல்ப் பண்றேனே, என்ன செய்யணும்னு சொன்னா போதும்"னாரு. தெரபிஸ்ட் "அந்த சொல்றதுதான் சார் வேலை"ன்னாங்க. அன்னையில இருந்து ஸ்கூல் சம்பந்தப்பட்டது முழுசா அவரோடது, நான் ஞாபகப்படுத்தக் கூட மாட்டேன். முதல்ல ரெண்டு மூணு தடவை சொதப்பிச்சு, பெரியவ கலர் டிரெஸ் நாள்ல யூனிஃபார்ம்ல போனா. ஒண்ணும் ஆயிடல.

ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பும் அவர் நம்பருக்குப் போயிடுச்சு. அந்த குரூப்பைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கு பிபி ஏறும். ராத்திரி ஒன்பதரைக்கு மெசேஜ் வரும், நாளைக்கு தெர்மோகோல்ல எரிமலை செஞ்சு கொண்டு வரணும்னு. ஏழு வயசுப் பிள்ளை எரிமலை செய்யுமா? டீச்சருக்கும் தெரியும் அது அப்பா அம்மா செஞ்சதுன்னு, அதுக்கு ஸ்டார் வேற போடுவாங்க, யாருக்குங்க அந்த ஸ்டார்? கீழ நாப்பது பேர் "நோட்டட் மேம்", "தேங்க்யூ மேம்"னு வரிசையா போடுவாங்க, ஒருத்தர் கூட ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேக்க மாட்டாங்க. நான் கேட்டேன், அதுக்கப்புறம் நான்தான் அந்த குரூப்ல கெட்டவ. சரி விடுங்க, உங்க கேள்வி இது இல்ல.

எந்த வகை தெரபின்னு கேட்டிருந்தீங்க. மேல சொன்ன பெல்ஜியம் குழுவே 2020ல ஒரு ஆய்வு போட்டாங்க, எட்டு வாரம் குரூப்பா சந்திக்கற ரெண்டு விதமான சிகிச்சை. ஒண்ணுல வழிமுறை சொல்லிக் கொடுத்தாங்க, இன்னொண்ணுல பெரும்பாலும் காது கொடுத்துக் கேட்டாங்க. ரெண்டுலயுமே பர்ன்அவுட் குறைஞ்சுது, தலைமுடியில அளந்த கார்டிசோல், அதாவது ஸ்ட்ரெஸ் ஹார்மோன், கூட இறங்குச்சாம். அதனால பேரைப் பாத்துக் குழம்பாதீங்க, குறை சொல்லாம கேக்கறாங்களான்னு பாருங்க.

சரியாகுமான்னா, ஆகும், ஆனா நீங்க எதிர்பாக்கற வரிசையில இல்ல. எனக்கு முதல்ல தூக்கம் வந்துச்சு. அடுத்து, சிரிக்காதீங்க, கோவம் வந்துச்சு, அது நல்ல அறிகுறின்னாங்க. பாசம் கடைசியாத்தான் வந்துச்சு, அதுவும் திடீர்னு இல்ல, சின்னவன் உளர்றதைக் கேட்டு எனக்கே தெரியாம சிரிச்சுட்டு இருப்பேன். வராத நாளும் உண்டு, இப்பவும்.

பசங்களையும் தெரபிக்குக் கூட்டிட்டுப் போகணுமான்னு கடைசியில கேட்டிருக்கீங்க. இப்போதைக்கு வேணாம், நீங்க மட்டும் போங்க, அந்த ஒரு மணி நேரம் பசங்களை யார் பாக்கறதுன்னு ஏற்பாடு பண்ற வேலையையும் அவங்கப்பாகிட்டயே விட்டுடுங்க.