ஒரு நாளில் சுவர் எழும்பாது

கேள்வி: எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள மாணவர்களுக்கு ஒருநாள் தொல்லியல் பட்டறை நடத்த விரும்புகிறேன். மண்கல் அறுத்து, சுண்ணாம்புச் சாந்து வைத்துச் சுவர் கட்டச் சொல்லலாமா?

பதில்: கட்டலாம், ஆனால் ஒரே நாளில் முடியாது. அறுத்த மண்கல் (சுடாத செங்கல்) நல்ல வெயிலிலும் காய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இடையில் புரட்டிப் போடவும் வேண்டும். ஈரக் கல்லை அடுக்கினால் கீழ்வரிசை பிதுங்கிவிடும். எனவே இரு வார இடைவெளியில் இரண்டு அமர்வுகளாக நடத்துங்கள்.

சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். நீற்றிய சுண்ணாம்பு கூடக் கண்ணையும் தோலையும் அரிக்கும். கல் அறுத்த மண்ணையே தளரக் குழைத்தால் சாந்து தயார்; பழங்கால மண்சுவர்கள் பலவும் அப்படிக் கட்டியவைதான்.

மண்ணைச் சலித்துக் கண்ணாடித்துண்டு, ஆணி இருந்தால் அகற்றிவிடுங்கள். களி மிகுந்தால் கல் வெடிக்கும், மணல் மிகுந்தால் உதிரும். நறுக்கிய வைக்கோல் கலந்து ஒன்று, கலக்காமல் ஒன்று என ஆளுக்கு இரண்டு கல் அறுக்கட்டும். காய்ந்தபின் எதில் விரிசல் அதிகம் என்று அவர்களே சொல்வார்கள்.

அச்சின் அளவில் கவனம் தேவை. சிந்துவெளிச் செங்கற்களில் உயரம், அகலம், நீளம் பெரும்பாலும் 1:2:4 விகிதம். குழந்தைகளின் கைக்கு 5, 10, 20 சென்டிமீட்டர் போதும். நீளம் அகலத்தின் இரு மடங்கு என்பதால்தான் மூலையில் கற்கள் ஒன்றையொன்று கவ்வி நிற்கின்றன. இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்; விகிதம் தவறிய கற்களைக் கொடுத்து மூலை திருப்பச் சொல்லுங்கள். சிறியவர்களுக்கு அச்சே வேண்டாம். மேற்கு ஆசியாவின் பழமையான ஊரான எரிகோவில் கிடைத்த புதிய கற்காலக் கற்கள் கையால் பிடித்தவை. சாந்து பற்றிக்கொள்ள மேற்புறத்தில் கட்டைவிரலால் அழுத்திய பள்ளங்கள் இன்றும் அவற்றில் தெரிகின்றன.

பெரும்பாலான பட்டறைகள் சுவர் எழும்பியதும் படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுகின்றன. அது கட்டுமான வகுப்புதான்; தொல்லியல் அதற்குப் பிறகே தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஓவர்டன் டவுனில் 1960-இல் ஆய்வாளர்கள் மண்கரை ஒன்றை எழுப்பி, 2, 4, 8, 16, 32 ஆண்டுகள் கழித்து அது எப்படிச் சிதைகிறது என்று வெட்டிப் பார்த்தார்கள். உங்களுக்கு ஒரு மழைக்காலம் போதும். கூரையில்லாமல் சுவரை நனையவிட்டு, சரிந்தபின் குறுக்கே வெட்டச் சொல்லுங்கள். நிற்கும் சுவர் எது, விழுந்த மண் எது என்பதில் சண்டையே வரும். சாந்துக்கு மட்டும் வேறு நிற மண் எடுத்திருந்தால், அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு கற்களைத் தேடிவிடலாம். அகழாய்வாளர்களும் மண்சுவரை அப்படித்தான் அடையாளம் காண்கிறார்கள். வெட்டுமுகத்தை வரைந்து முடிக்கும்வரை மேற்கொண்டு தோண்ட விடாதீர்கள்.