பழைய பற்றரிகளை லொறியில் அனுப்புவதற்கு முன் அசிட்டை ஊற்றிவிட வேண்டுமா?

கேள்வி: ஒட்டுசுட்டானில் சிறிய கராஜ் ஒன்று நடத்துகிறேன். உழவு இயந்திரம், லொறி, ஓட்டோ ஆகியவற்றின் பழைய பற்றரிகள் நாற்பதுக்கு மேல் கொட்டிலில் சேர்ந்துவிட்டன. அசிட்டை ஊற்றிவிட்டு, வவுனியாவுக்கு நெல் ஏற்றிச் செல்லும் லொறியில் போட்டுவிடலாம் என்று பற்றரி எடுக்க வருபவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? எப்படிக் கட்டி அனுப்புவது?

பதில்: அசிட்டை ஊற்றாதீர்கள். அதை ஊற்றச் சொல்பவரின் கவலை உங்கள் பாதுகாப்பு அல்ல. பற்றரியின் எடையில் அரைவாசிக்கு மேல் ஈயம். அவருக்கு வேண்டியது அது மட்டும்தான். அசிட் உங்கள் வளவிலேயே ஊற்றப்பட்டுவிட்டால் அவருடைய வாகனத்தில் அது சிந்தாது, வழியில் யாரேனும் மறித்தாலும் வெறும் பழைய சாமான் என்று சொல்லித் தப்பிவிடலாம். ஊற்றுவித்த பிறகும், நிறுக்கும்போது தண்ணீர்க் கழிவு என்று சொல்லிக் கிலோக் கணக்கில் மறுபடி கழிப்பவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு மிஞ்சுவது கந்தக அமிலமும் அதோடு வந்த ஈயமும் ஊறிய நிலம். அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டுத் தணிக்கலாம், ஆனால் ஈயம் அந்த மண்ணிலேயே கிடக்கும். கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் ஊரில், மண்ணில் விளையாடும் பிள்ளைகள் உள்ள வளவில், இதைவிடக் கேடான காரியம் இல்லை. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்க மிகச் சிறிதளவு ஈயமே போதும்.

அடுத்ததாக, அந்த மனிதரிடம் அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். 2008ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆம் திகதி வெளியான 1534/18 இலக்க அதிவிசேட வர்த்தமானியின்படி, பழைய பற்றரி போன்ற பட்டியலிடப்பட்ட கழிவுகளைச் சேகரிப்பதற்கும், கொண்டு செல்வதற்கும், களஞ்சியப்படுத்துவதற்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காட்டப்படுவது பெரும்பாலும் ஒரு போட்டோப் பிரதியாக இருக்கும். அதில் உள்ள பெயர் வேறொருவருடையதாக இருக்கலாம், காலம் முடிந்திருக்கலாம், அல்லது களஞ்சியப்படுத்த மட்டும் வழங்கப்பட்டதாக இருக்கலாம். எனவே பெயர், முடிவுத் திகதி, கொண்டு செல்லும் அனுமதி ஆகிய மூன்றையும் வாசித்துப் பாருங்கள். சந்தேகம் என்றால் பிரதேச செயலகத்தில் உள்ள சுற்றாடல் உத்தியோகத்தரிடம் கேளுங்கள். ஒழுங்காக நடக்க விரும்புபவர் ஒரு தகவலுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்க, ஒழுங்கற்ற வியாபாரி வாசலுக்கே வந்து காசைக் கையில் வைக்கிறார் என்பது எனக்கும் தெரியும். விதியை எழுதியவர்கள், மாங்குளம் வீதியோரத்தில் கராஜ் வைத்திருப்பவர் அதை எப்படிக் கடைப்பிடிப்பார் என்பதையும் சேர்த்து யோசித்திருக்கலாம்.

இனிக் கட்டும் முறை. செத்த பற்றரி என்று நாம் தள்ளிவைப்பதில் எஞ்சினை இயக்கப் போதிய பலம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு சாவியோ கம்பித் துண்டோ விழுந்தால் பொறி பறக்கும். பற்றரியிலிருந்து கசியும் ஐதரசன் வாயு காற்றில் நான்கு வீதம் சேர்ந்தாலே தீப்பற்றும் என்பதால், அந்தப் பொறி சிறிய விடயமன்று. ஆகவே ஒவ்வொரு முனையையும் தனித்தனியே மூடுங்கள். பழைய சைக்கிள் ரியூப்பை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி, முனையின் மேல் இறுக்கமாகச் செருகி, அது கழராதபடி இன்சுலேசன் ரேப்பை நான்கைந்து சுற்றுச் சுற்றினால் போதும். தண்ணீர் விடும் மூடிகளை இறுக்குங்கள், ஆனால் அவற்றில் உள்ள சிறு காற்றுத் துளைகளை ரேப்பால் அடைக்காதீர்கள்.

பற்றரிகளை நிமிர்த்தியே அடுக்க வேண்டும். மரப் பலட்டின் மேல் தடித்த பொலித்தீன் விரித்து, அதன் ஓரங்களை மேலே மடித்துவிட்டு, நெருக்கமாக வையுங்கள். இரண்டாவது அடுக்கு வைப்பதானால் இடையில் தடித்த மட்டை அல்லது ஒட்டுப்பலகை இட வேண்டும். மூன்றாவது அடுக்கு வேண்டாம், நம் உள்வீதிகளின் குண்டு குழிகள் அதைச் சரித்துவிடும். முழுவதையும் நைலோன் பட்டியால் பலட்டோடு இறுக்கிக் கட்டுங்கள். வெடித்ததும் கசிவதும் இந்த அடுக்குக்குள் வரக்கூடாது. பாதியாக வெட்டிய நீலப் பிளாஸ்ரிக் பரலில், அடியில் காய்ந்த மணல் போட்டு, அவற்றைத் தனியே நிறுத்துங்கள். முல்லைத்தீவுப் பக்கம் கிடைக்கும் மீன் பெட்டிகள் இதற்கு ஆகா. அவற்றின் அடியில் ஓட்டை உண்டு, பிறகு யாராவது அவற்றில் மீனையும் போடுவார்கள்.

நெல் லொறி வேண்டவே வேண்டாம். உணவுப் பொருள், மாட்டுத் தீவனம், பயணிகள் என்பவற்றோடு பற்றரி செல்லக்கூடாது. கொண்டக்டரிடம் காசு கொடுத்து பஸ்ஸில் போட்டுவிடுவதும் அப்படித்தான். சாரதியிடம் கையுறை, கண்ணாடி, இரண்டு கான் தண்ணீர், ஒரு கிலோ அப்பச்சோடா இருக்கட்டும். அசிட் கண்ணில் பட்டால் குறைந்தது பதினைந்து நிமிடம் தொடர்ந்து தண்ணீரால் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

யுபிஎஸ்ஸிலும் சில மோட்டார் சைக்கிள்களிலும் உள்ள, மூடி திறக்க முடியாத பற்றரிகளை நம்மவர்கள் டிரை பற்றரி என்று சொல்லிப் படுக்கவும் வைத்து அனுப்புகிறார்கள். ஆபத்தான பொருட்களைக் கொண்டு செல்வதற்கு உலக அளவில் பின்பற்றப்படும் விதியில் இவற்றுக்குச் சலுகை இருப்பது உண்மை. ஆனால் அது எளிதாகக் கிடைக்கும் சலுகை அன்று: அதிர்வுச் சோதனையிலும் அழுத்தச் சோதனையிலும் அந்த வகைப் பற்றரி கசியாமல் தேறியிருக்க வேண்டும், 55 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கோது வெடித்திருந்தாலும் அசிட் வழியக்கூடாது, அத்துடன் முனைகளும் மூடப்பட்டிருக்க வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கசியாத பற்றரியும் பொறி பறக்க வைக்கும். உள்ளே அசிட் இருக்கத்தான் செய்கிறது, வழிந்தோடாதபடி அது பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். வயிறு வீங்கியிருப்பதையோ, மேல்மூடி எழும்பியிருப்பதையோ, மேலே எழுதியிருப்பது அழிந்துபோனதையோ இந்தச் சலுகைக்குள் கொண்டுவராமல் வெடித்தவற்றோடு பரலில் வையுங்கள்.

வலைக்கு ஈயம் வார்க்க என்று ஓரிரண்டு பற்றரிகளை மட்டும் கேட்டு வருபவர்களுக்கும் கொடுக்காதீர்கள். வீட்டு அடுப்பில் அதை உருக்குபவர்களின் வீட்டுக்குள்தான் அந்தத் தூசும் புகையும் முதலில் போய்ப் படியும். லிதியம் பற்றரி ஏதேனும் கொட்டிலில் இருந்தால் அதை இந்தச் சுமையிலிருந்து இப்போதே பிரித்து வையுங்கள். பற்றரிகளை ஒப்படைக்கும்போது எண்ணிக்கை, எடை, லொறி இலக்கம் ஆகியவற்றை எழுதி, எடுத்துச் செல்பவரின் கையொப்பத்துடன் ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். கையொப்பமிட மறுப்பவருக்கு ஒரு பற்றரியையும் ஏற்றிக் கொடுக்காதீர்கள்.