சந்தியில் நிறுத்தினால் பைக் நின்று போகிறது: காபரேற்றரை மாற்றத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டது இது: 150 சிசி பைக், காபரேற்றர் வண்டி. கம்பசுக்குப் போய்வரும்போது ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் கந்தர்மடத்திலோ பரமேஸ்வராச் சந்தியிலோ வேகத்தைக் குறைத்து நின்றால் எஞ்சின் தடுமாறி நின்று விடுகிறது. கராச்சில் ஐடில் ஸ்குறூவை, அதாவது அக்சிலேற்றரை விட்ட பிறகு எஞ்சின் ஓடும் வேகத்தைச் சரிசெய்யும் ஸ்குறூவை, கூட்டி விட்டார்கள், நாலு நாளில் பழையபடி. இப்போது காபரேற்றரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம், தம்பி. இதே வருத்தத்தோடு நான் மூன்று மாதம் அலைந்திருக்கிறேன். புதுக் காபரேற்றர் வாங்கும் காசு சின்னக் காசு இல்லை.

ஓட்டத்தில் குறையில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதில்தான் இருக்கிறது. அக்சிலேற்றரை முறுக்கி ஓடும்போது எஞ்சின் பெற்றோலைக் காபரேற்றரில் மெயின் ஜெட் என்ற துளை வழியாக எடுக்கிறது. அக்சிலேற்றரை முழுக்க விட்டதும் அந்த வழி ஏறக்குறைய மூடிவிடும். அப்புறம் எஞ்சின் உயிரோடு இருப்பது பைலட் ஜெட் என்ற இன்னொரு சின்ன வழியால்தான். சிலர் அதை ஸ்லோ ஜெட் என்பார்கள். அதன் துளை அரை மில்லிமீற்றரும் வராது. ஐடில் ஸ்குறூவைக் கூட்டுவது என்றால் அக்சிலேற்றரைக் கொஞ்சம் முறுக்கிய நிலையிலேயே பிடித்து வைப்பது போலத்தான். அடைப்பு அங்கேயே கிடக்கும், சத்தம் மட்டும் கூடும். அதனால்தான் நாலு நாள்.

என் கதையைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். 2022 இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது என் பைக் விறாந்தையில் கிட்டத்தட்ட இரண்டு மாதம் சும்மா நின்றது. பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் வாங்கும் பங்கீட்டு முறை வந்து கிழமைக்கு 4 லீற்றர் கிடைக்கத் தொடங்கியதும், கானில் சேர்த்து வைத்திருந்த பழைய பெற்றோலையும் அதோடு ஊற்றி ஓடினேன். அடுத்த மாதமே ஒவ்வொரு சந்தியிலும் நின்று போகத் தொடங்கியது. கராச்சில் இரண்டு தரம் ஐடிலைக் கூட்டினார்கள். கடைசியில் வண்டி நின்ற இடத்தில் கத்தும், காலையில் அப்போதும் நின்று போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குஞ்சியப்பா வந்தார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர். கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய காலம் அது. மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது, அதனால் ஐடிலில்தான் எஞ்சின் முதலில் சாகும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே பழகிய காது அவருக்கு. வந்தவர் எதையும் கழற்றவில்லை. எஞ்சினைச் சூடாக்கச் சொன்னார், சின்ன ஸ்குறூட்றைவர் ஒன்று கேட்டார், ஐடிலில் பெற்றோலும் காற்றும் கலக்கும் அளவைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்குறூவை மெதுவாக உள்ளே திருகிக்கொண்டே போனார். முழுக்க உள்ளே போயும் சத்தத்தில் மாற்றமே இல்லை.

“இதைத் திருகத் திருக எஞ்சின் தடுமாற வேணும். தடுமாறேல்லை எண்டால் இந்த வழியால ஒண்டும் போகேல்லை. சின்ன ஜெட்டைக் கழட்டு” என்றார்.

காபரேற்றரின் அடியில் இருக்கும் வடி ஸ்குறூவைத் தளர்த்தி, கிண்ணத்தில் கிடந்த பெற்றோலை ஒரு ஜாம் போத்தலில் பிடித்தோம். போத்தலைச் சரித்துப் பார்த்தால் அடியில் நாலைந்து தண்ணீர்க் குமிழ்கள் பெற்றோலோடு சேராமல் தனியாக உருண்டன. அவற்றைச் சுற்றிச் செம்மண் போல மெல்லிய துரு. பைலட் ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தேன், மறுபக்கம் வெளிச்சம் தெரியவில்லை. குஞ்சியப்பா கம்பியைத் தொடவே விடவில்லை. ஜெட் பித்தளை, இரும்புக் கம்பி போட்டால் துளை பெருத்துவிடும், பிறகு அந்த ஜெட் எதற்கும் உதவாது. காபரேற்றர் கிளீனரில் ஊறவிட்டு, மெல்லிய தங்கூசி (நைலோன்) நூல் ஒன்றை உள்ளே விட்டு இழுத்தார். மூன்றாவது தரம் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் வந்தது. பூட்டி ஸ்டார்ட் பண்ணினோம். ஐடிலைப் பழைய இடத்துக்குக் குறைத்த பிறகும் எஞ்சின் நின்று போகாமல் ஓடியது, தானாக.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் கண்டுபிடித்தேன். பெற்றோல் தாங்கி மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மழைத்தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கும். அது செம்மண்ணால் அடைத்துப் போயிருந்தது. மாரி மழைக்கு வெளியே விட்டால் தண்ணீர் அங்கே தேங்கி, மூடி வழியாகத் தாங்கிக்குள் இறங்கிவிடும். இதை ஒருமுறை பாருங்கள், ஐந்து நிமிட வேலை. கழுவிய பெற்றோலை வளவில் ஊற்றாதீர்கள். நம் நிலம் சுண்ணாம்புக்கல், ஊற்றியது கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் என் வண்டி முழுதாகச் சுகப்படவில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு வேறு மாதிரி: காலையில் நின்று போகாமல் நன்றாக ஓடும், சூடேறிய பிறகு அக்சிலேற்றரை விட்டால் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) உடனே இறங்காமல் மேலேயே தொங்கும், பிறகு சடாரென்று விழுந்து நின்று போகும். அப்படித் தொங்கினால் எங்கோ கள்ளக் காற்று நுழைகிறது என்று சந்தேகப்பட வேண்டும். காபரேற்றரையும் எஞ்சினையும் இணைக்கும் றப்பர் குழாய் நம் வெயிலில் வெடித்துவிடும், மேலே பார்த்தால் தெரியாது. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது அந்த றப்பரைச் சுற்றி மட்டும் தண்ணீரை மெல்லிய தூறலாக அடித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் வெடிப்பு அங்கேதான். பெற்றோலை அடித்துப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், சூட்டு எஞ்சினில் தீப்பிடிக்கும். எனக்கு றப்பரின் அடிப்பக்கத்தில் வெடிப்பு. றப்பரை மாற்றியதோடு தொல்லை தீர்ந்தது.

ஒரே வண்டியில் இரண்டு குறை இருந்தது. ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்றியிருந்தால் எது எதனால் என்று எனக்குத் தெரிந்திருக்காது. ஒன்றைச் செய்யுங்கள், இரண்டு நாள் ஓடுங்கள், பிறகு அடுத்தது.

மிக்சர் ஸ்குறூ பற்றி ஒரு எச்சரிக்கை. தொடும் முன் முழுக்க உள்ளே எத்தனை சுற்றுப் போகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். அடியில் முட்டியதும் நிறுத்துங்கள், இறுக்கினால் கூர்முனை உடையும். பல வண்டிகளில் ஒன்றரையிலிருந்து இரண்டரைச் சுற்று வெளியே வைத்தால் நல்ல இடம் கிடைக்கும். ஸ்குறூ எஞ்சின் பக்கம் இருந்தால் பொதுவாக அது பெற்றோலைக் கட்டுப்படுத்தும், உள்ளே திருகினால் பெற்றோல் குறையும். எயார் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்தும், உள்ளே திருகினால் காற்றுக் குறைந்து கலவை தடிக்கும். இது தெரியாமல் எதிர்த் திசையில் திருகிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. பத்து நிமிடம் ஓடிச் சூடேற்றிய பிறகுதான் இந்த வேலை. எந்த இடத்தில் எஞ்சின் கூடுதலாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே விட்டுவிட்டு, ஐடிலைக் கைநூலில் உள்ள அளவுக்குக் குறையுங்கள். இந்த ரக வண்டிகளுக்கு 1400 ஆர்பிஎம் அளவில் இருக்கும்.

இத்தனைக்கும் முன்னால் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு, கேள்வியில் அதை எழுதவில்லை. சந்தியில் நிற்கும்போது நியூட்ரலில் நிற்கிறீர்களா, அல்லது கியரில் கிளச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களா? நியூட்ரலில் எஞ்சின் ஒழுங்காக ஓடி, கியரில் மட்டும் நின்று போனால் காபரேற்றரைத் தொடவே வேண்டாம். கிளச் முழுக்க விடுபடவில்லை, கேபிளைச் சரிசெய்தால் போதும்.

சூட்டில் மட்டும் நின்று போய், திரும்ப ஸ்டார்ட் எடுக்கவும் மறுத்தால் வால்வு இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினில் அளக்க வேண்டியது. பல சிறிய எஞ்சின்களில் 0.05 முதல் 0.10 மில்லிமீற்றர் வரைதான். அது இறுகிவிட்டால் சூட்டில் வால்வு சரியாக மூடாது. நீண்ட தூரம் ஓடிய பிறகு நின்று, தாங்கி மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று இழுத்து, அப்புறம் ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத்துளை அடைப்பு. ஸ்பார்க் பிளக் கறுப்பாகப் புகை பிடித்திருந்தால் எயார் ஃபில்டரையும், குளிரில் ஸ்டார்ட் பண்ண இழுக்கும் சோக் முழுக்கத் திரும்புகிறதா என்பதையும் பாருங்கள்.

சரி, காபரேற்றரை எப்போதுதான் மாற்றுவது? எஞ்சினை நிறுத்திவிட்டு, காபரேற்றரில் அக்சிலேற்றர் கேபிள் வந்து மாட்டும் இடத்தில், காற்று வழியைத் திறந்து மூடும் தட்டைத் தாங்கும் தண்டை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். தெளிவாக ஆடினால் அது தேய்ந்துவிட்டது, அந்த இடைவெளியால் காற்று நுழையும், எந்த ஜெட்டைக் கழுவியும் ஐடில் ஒரு இடத்தில் நிற்காது. உங்கள் வண்டியில் தண்டு இல்லாமல், அதே வழியை மேலும் கீழும் போய்த் திறந்து மூடும் சிலைட் என்றால், அதன் பக்கங்களில் ஆழமான கோடுகள் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படி இருந்தால் மாற்றுங்கள், புது றப்பரையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள்.